தமிழ் எஸ்எம்எஸ் 34வது வீட்டோடு நின்றுவிடுகிறது, ஏன்?

வேம்பு:
குடியிருப்பில் 42 வீடுகள். தண்ணீர் வராத நாளில் எல்லோருக்கும் ஒரே எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். பலரிடம் பட்டன் போன்தான், வாட்ஸ்அப் ஒத்துவராது. தமிழில் அனுப்பினால் 33 பேருக்கு முழுதாகப் போகிறது, 34வது ஆளுக்குத் தொடக்கம் மட்டும், மீதி 8 பேருக்குப் போகவே இல்லை. கிட்டத்தட்ட அதே நீளத்தில் ஆங்கிலத்தில் அனுப்பினால் 42 பேருக்கும் போகிறது. பிளானில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ். எழுதும்போது ஓரத்தில் 53/3 என்று காட்டுகிறது. வேறு போனில் போட்டாலும் இதே கதி.

அலைவரிசை:
போனில் கோளாறு இல்லை. 53/3 என்றால் செய்தி 3 துண்டாகப் போகிறது, கடைசித் துண்டில் 53 இடம் காலி என்று பொருள். ஒவ்வொரு துண்டும் ஒரு எஸ்எம்எஸ்ஸாகக் கழியும். 33 பேருக்கு 99. நூறாவது, 34வது ஆளின் முதல் துண்டு. அதோடு அன்றைய கணக்கு தீர்ந்தது.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் அடங்கும், ஒரு பைட் என்பது 8 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160. ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் மொத்தச் செய்தியும் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாறி, குறிக்கு 16 பிட் ஆகிவிடும், 70தான் பிடிக்கும். 70ஐத் தாண்டினால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் ‘இது எந்தச் செய்தி, எத்தனையில் எத்தனையாவது’ என்ற விவரத்துக்கு 6 பைட் போய்விடும், மிச்சம் 67. மூன்று துண்டுக்கு 201. அதில் 53 காலி என்றால் உங்கள் செய்தி 148 குறி.

வேம்பு:
எண்ணிப் பார்த்தேன், நூறு எழுத்துகூடத் தேறவில்லையே?

அலைவரிசை:
கண் எண்ணுவது வேறு, போன் எண்ணுவது வேறு. ‘கி’ நமக்கு ஓரெழுத்து, போனுக்கு ‘க’வும் கொக்கியுமாக இரண்டு. புள்ளிக்கும் தனி இடம். ‘நாளை காலை 6 மணிக்குக் குடிநீர் வராது’ என்பதில் இடைவெளியோடு கண்ணுக்கு 22, போனுக்கு 36. ‘ஸ்ரீ’ மட்டுமே 4. சில விசைப்பலகைகள் ‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடும், அப்போது அது 3.

கல்தச்சன்:
இரண்டு துண்டுக்குள், அதாவது 134க்குள் கொண்டுவந்தால் 42 × 2 = 84, நூறுக்குள் அடங்கும். 14 குறி வெட்டினால் போதும். முதலில் ‘வணக்கம்’, ‘நன்றி’ எல்லாவற்றையும் எடுங்கள். முற்றுப்புள்ளி, இடைவெளியோடு ‘வணக்கம்’ 9. கடைசியில் ‘நன்றி’யும் கைகூப்பும் படமும் இருந்தால் இடைவெளிகளோடு அதுவும் 9, படம் ஒன்றுக்கே 2 இடம். எழுதி முடித்ததும் சாய்கோட்டுக்குப் பின் 2 வந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் 70க்குள் சுருக்குங்கள், 42தான் கழியும், அன்றே திருத்தம் அனுப்பவும் இடமிருக்கும்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் 160 கிடைக்கும், ஆனால் வயதானவர்களுக்கு அதை எழுத்துக்கூட்டிப் படிப்பது பாடு. தமிழிலேயே சுருக்குவது மேல். பட்டன் போன்களில் முதலில் ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள், தமிழ் எழுத்துரு இல்லாததில் வெறும் கட்டமாகத்தான் தெரியும்.

வேம்பு:
34வது வீட்டுக்கு விடுபட்ட பகுதியை மட்டும் அனுப்பினால் சேர்ந்துகொள்ளுமா?

அலைவரிசை:
சேராது. மறுபடி அனுப்பும்போது தலையில் ஏறும் அடையாள எண் புதிது, பழைய துண்டோடு போன் அதை ஒட்டாது. முழுச் செய்தியையும் அனுப்புங்கள். எல்லாத் துண்டும் வரும்வரை எதையுமே காட்டாத போன்களும் உண்டு, ஆகவே ‘ஒன்றும் வரவில்லை’ என்பவருக்கும் பாதி போயிருக்கலாம்.

கல்தச்சன்:
இரண்டு அமைப்புகளையும் பார்த்துவிடுங்கள். மெசேஜ் செயலியில் எழுத்து வகை ‘தானியங்கி’ அல்லது ‘யூனிகோடு’ என்றே இருக்கட்டும். ‘ஜிஎஸ்எம் எழுத்து’ (தமிழ் இல்லாத 7 பிட் முறை) என்று வைத்தால் 160 கிடைப்பது போல் தோன்றும், போய்ச் சேர்வது வரிசையாகக் கேள்விக்குறிதான். அடுத்து, குழு அனுப்பலில் ‘ஒவ்வொருவருக்கும் தனி எஸ்எம்எஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். குழு எம்எம்எஸ் என்று இருந்தால் கட்டணம் வேறு.

ஸ்மார்ட்போன் வீடுகளுக்கு ஆர்சிஎஸ் சாட் (மெசேஜ் செயலியிலேயே இணையம் வழியாக அனுப்பும் வசதி) இயக்கத்தில் இருந்தால் செய்தி டேட்டாவில் போகும், நூறில் கழியாது. ஆனால் ‘போகாவிட்டால் எஸ்எம்எஸ்ஸாக அனுப்பு’ இயக்கத்தில் இருந்தால், பெறுபவர் டேட்டாவை அணைத்த நேரத்தில் துண்டு துண்டாகக் கழியும்.

அலைவரிசை:
ஒன்று சொல்லியாக வேண்டும். எஸ்எம்எஸ் தரநிலையிலேயே தமிழுக்குத் தனி 7 பிட் அட்டவணை இருக்கிறது, மொழி எண் 11. அதில் அனுப்பினால் ஒரே எஸ்எம்எஸ்ஸில் 155 குறி அடங்கும், கைகூப்பும் படத்தை மட்டும் எடுத்திருந்தால் உங்கள் செய்தி துண்டாகாமலே போயிருக்கும். அனுப்பும் போன், பெறும் போன் இரண்டும் அதை அறிந்திருக்க வேண்டும். போன் செய்பவர்கள் இதைக் கண்டுகொள்ளாததற்கான விலையைத்தான் ஒவ்வொரு தமிழ்ச் செய்திக்கும் நாம் கொடுக்கிறோம்.

வேம்பு:
வணக்கமும் நன்றியும் எடுத்தேன். 4/2 காட்டுகிறது. 42 பேருக்கும் போய்விட்டது.