டி5300-ல் 50 மி.மீ. லென்ஸ் ஃபோகஸ் ஆகவில்லை: லென்ஸ் பழுதா, நான் வாங்கியது தப்பா?

புதுக்கை:
வணக்கம். லென்ஸ் மாற்றுகிற கேமரா எனக்கு இதுதான் முதல். பழைய நிக்கான் டி5300, கூடவே 18-55 கிட் லென்ஸ். வெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் அருமையாக வருகின்றன. சாயங்காலம் வீட்டுக்குள் பிள்ளைகளை எடுத்தால்தான் முகம் இழுத்துக்கொண்டு மங்கலாகப் போகிறது. யாரைக் கேட்டாலும் "50 எஃப் 1.8 லென்ஸ் வாங்கு, குறைந்த செலவில் அதை விட்டால் வேறு இல்லை" என்றார்கள். இருப்பதிலேயே மலிவான ஒன்றைத் தேடிப் பிடித்து செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். மாட்டியதும் "எஃப்இஇ" என்று ஏதோ மின்னுகிறது, ஷட்டர் விழவே இல்லை. விற்றவரோ அவர் கேமராவில் நன்றாக ஓடியது என்கிறார். வேண்டாம் என்றால் 70-300 ஜி லென்ஸ் ஒன்று இருக்கிறதாம், மாற்றித் தருகிறாராம். வாங்கிக்கொள்ளலாமா?

அரைவட்டம்:
பதறாதீர்கள். லென்ஸின் மேல் 1.8-லிருந்து 22 வரை எண் போட்ட வளையம் இருக்கிறதா? அதை 22-க்குத் திருப்பி, பக்கத்தில் உள்ள சின்னப் பூட்டைப் போட்டுவிடுங்கள். எஃப்இஇ போய்விடும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), அதற்குப் பிறகு கேமராவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

புதுக்கை:
போய்விட்டது, நன்றி! வெளிச்சம் நிறைய வரட்டும் என்று நான்தான் 1.8-ல் வைத்திருந்தேன். இப்போது ஷட்டர் விழுகிறது. ஆனால் ஆட்டோ ஃபோகஸ் அசையவே மாட்டேன் என்கிறது. பட்டனைப் பாதி அழுத்தினால் சத்தம்கூட இல்லை.

நிழல்கொடி:
லென்ஸின் பெயரில் 1.8-க்குப் பின்னால் 'டி' என்று இருக்குமே? அப்படியானால் அது அசையாது. லென்ஸும் பழுதில்லை, கேமராவும் பழுதில்லை, ஜோடிதான் சேரவில்லை. நிக்கானின் பழைய ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில், அதாவது கேமராவுக்குள், இருக்கும் மோட்டார்தான் ஒரு சின்ன திருகுமுனை வழியாக லென்ஸைச் சுழற்றும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டாரை வைக்கவில்லை, டி7000 வரிசையில் உண்டு. விற்றவர் வைத்திருந்தது அப்படி ஒரு பாடியாக இருக்கும், அவர் பொய் சொல்லவில்லை. நிக்கான் லென்ஸின் பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்று இருந்தால் அதற்குள்ளேயே மோட்டார் உண்டு, உங்கள் கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் ஓடும்.

இன்னொன்று, அந்த 70-300 ஜி-யைத் தொடாதீர்கள். 'ஜி' என்றால் அப்பர்ச்சர் வளையம் இல்லை என்று மட்டும்தான் பொருள், மோட்டார் இருக்கிறது என்று பொருளில்லை. வெறும் ஏஎஃப் 70-300 ஜி-யில் மோட்டாரும் இல்லை, விஆர் என்கிற நடுக்கத் தடுப்பும் இல்லை. கிணற்றிலிருந்து ஏறிக் குளத்தில் விழுந்த கதையாகிவிடும். பழைய டாம்ரான் 17-50 எஃப் 2.8 கிடைத்தாலும் இதே எச்சரிக்கைதான். நிக்கானுக்கான அந்த லென்ஸ் முதலில் மோட்டார் இல்லாமலும் பிறகு மோட்டாரோடும் வந்தது.

மழைக்கால்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 50 டி-யை உடனே தள்ளிவிடாதீர்கள். கையால் ஃபோகஸ் செய்யப் பழகலாம். சரியான இடம் வந்ததும் வியூஃபைண்டரின் இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி நிலையாக எரியும். நான் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

நிழல்கொடி:
அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை அப்படி எடுக்கலாம். ஓடுகிற பிள்ளையை எடுக்க முடியாது. எஃப் 1.8-ல் ஒரு கண் தெளிவாக இருந்தால் மறு கண் மங்கும், புள்ளி எரிவதற்குள் பிள்ளை அடுத்த அறையில் இருக்கும்.

அரைவட்டம்:
அதற்கு முன் ஒரு கேள்வி. உங்களுக்கு 50-தான் வேண்டுமா? டி5300-ன் சென்சார் சிறியது, 50 மி.மீ. லென்ஸ் அதில் 75 போலத் தெரியும். முகத்தை மட்டும் எடுக்க அருமை, அறைக்குள் மூன்று பேரை எடுக்க முதுகு சுவரில் முட்டும். ஊரே 50 என்று பாடுவது ஃபிலிம் காலத்துப் பழக்கம். ஃபிலிம் கேமராவில் 50 தந்த அந்தப் பார்வை உங்கள் கேமராவில் வேண்டுமென்றால் 35-தான் கணக்கு.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கிட் லென்ஸின் ஜூமை 35-ல் வைத்து டேப் ஒட்டுங்கள், மூன்று நாள் அதிலேயே எடுங்கள். அடுத்த மூன்று நாள் 50. படங்கள் மங்கலாக வரட்டும், பரவாயில்லை. எது சட்டகத்துக்குள் அடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். மங்கலான பழைய படங்களின் விவரத்தில் ஷட்டர் வேகம் என்ன இருக்கிறது?

புதுக்கை:
பெரும்பாலும் 1/20 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200. கிட் லென்ஸில் விஆர் இருக்கிறதே, அது தடுக்காதா?

அரைவட்டம்:
விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், பிள்ளையின் ஆட்டத்தை இல்லை. 35-ல் உங்கள் கிட் லென்ஸ் திறப்பது எஃப் 4.5 அளவுக்குத்தான். எஃப் 1.8-ல் வெளிச்சம் ஆறு மடங்குக்குச் சற்று மேல். அதே ஐஎஸ்ஓ, அதே அறை, உங்கள் 1/20 இப்போது 1/125 ஆகிறது. நிற்கிற, பேசுகிற, சிரிக்கிற பிள்ளைக்கு அது போதும். குதிக்கிற பிள்ளைக்கு ஐஎஸ்ஓவை இன்னும் ஏற்றுங்கள். இருவரை ஒன்றாக எடுத்தால் இரண்டு முகமும் தெளிவாக வர எஃப் 2.8 பக்கம் வையுங்கள்.

நிழல்கொடி:
அப்படியானால் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப் 1.8 ஜி. 2009-ல் வந்த லென்ஸ், செகண்ட் ஹேண்டில் தேடலாம். இந்தத் தடவை கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தூசி கொஞ்சம் இருந்தால் விடுங்கள், சிலந்தி வலை மாதிரி இழைகள் இருந்தால் பூஞ்சை, வேண்டாம்.

புதுக்கை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 50-ல் டேப் ஒட்டிய இரண்டாவது நாளே அலமாரியில் முட்டிக்கொண்டேன், அதோடு சோதனையை முடித்துவிட்டேன். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, ஆனால் டி7100 வைத்திருக்கும் ஒருவர் அந்த 50-ஐ வாங்கிக்கொண்டார். 35 வந்துவிட்டது. நேற்று ராத்திரி எடுத்த படத்தில் பெரியவளுக்கு முன்பல் விழுந்த ஓட்டை வரைக்கும் தெளிவாக இருக்கிறது. அதை அழிக்கச் சொல்லி அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.