புதுப்பிப்பு: கனநீர் அளவீட்டில் ஆடிய அடிக்கோடு

சாதாரண நீரில் 1 சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்த கனநீரை (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள நீர்) அகச்சிவப்பு நிறமாலைமானியில் அளக்கும்போது அடிக்கோடு (முகடுகளுக்கு அடியில் நிலையாக இருக்கவேண்டிய கோடு) ஆடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. வெப்பநிலைதான்!

நாம் அளக்கும் டியூட்டீரிய உறிஞ்சல் முகடு அலை எண் 2500 செ.மீ⁻¹ அருகே வருகிறது. அதன் அடியில் சாதாரண நீரின் 2100 சொச்ச உறிஞ்சல் பட்டையின் வால் நீள்கிறது. சூடு மாறினால் அது நகரும். நான் என்னவென்றால், மாதிரி நீர் வைக்கும் கலனைக் கையில் பிடித்துப் பொருத்திய கையோடு அளந்துகொண்டிருந்தேன். இப்போது மாதிரி, ஒப்பீட்டு நீர் (கனநீர் சேர்க்காத சாதாரண நீர்) இரண்டையும் 25 டிகிரியில் பத்து நிமிடம் விட்டுவிடுகிறேன். கோடு அடங்கிவிட்டது.

அப்புறம், ஒப்பீட்டு நீரிலேயே இயற்கையாக மில்லியன் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 150 டியூட்டீரிய அணுக்கள் உண்டு. ஆகவே அளவீட்டில் கிடைப்பது அதற்கு மேலுள்ள அளவு மட்டுமே.

கலனில் ஒளி புகும் ஜன்னலுக்கு உப்பு போதாதா என்று கேட்டவருக்கு: தண்ணீரில் கரைந்துபோகும், சார். கால்சியம் ஃபுளோரைடு வாங்குங்கள்.