சயாட்டிகா என்று சொல்லி வருபவரை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

புதுக்கை:
மசாஜ் படித்து முடித்துத் தனியாகச் செய்ய ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. போன வாரம் நாற்பது வயதுக்காரர் ஒருவர் "எனக்கு சயாட்டிகா, பின்பக்கம் நல்லா அழுத்தி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே குப்புறப் படுத்துவிட்டார். வலது பிட்டத்தில் ஆரம்பித்துக் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வரை வலி. நானும் முழங்கையை வைத்து இருபது நிமிடம் அழுத்தினேன். எழுந்தபோது நன்றாக இருக்கிறது என்றார், மறுநாள் காலையில் உட்காரவே முடியவில்லை என்று போன். அழுத்தம் அதிகமாகிவிட்டதா, இல்லை தொடவே கூடாத ஆளைத் தொட்டுவிட்டேனா? வகுப்பில் பரிசோதனைகள் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் ஆள் வந்து படுத்ததும் எதைச் செய்வது எதை விடுவது என்று தெரியாமல் நேராக எண்ணெயை எடுத்துவிடுகிறேன். நீங்கள் எல்லாம் நிஜத்தில் என்ன செய்கிறீர்கள்?

பழைய மேஜை:
அழுத்தம் இரண்டாவது விஷயம் தம்பி. அவர் வைத்த பெயரை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் முதல் தப்பு. காலில் இறங்கும் வலி எல்லாவற்றையும் ஜனங்கள் சயாட்டிகா என்றுதான் சொல்வார்கள். முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை நெருக்கினாலும் அப்படி வரும், பிட்டத்துக்குள் இருக்கிற குளூட்டியஸ் மினிமஸ் சதையில் முடிச்சு விழுந்தாலும் கணுக்கால் வரைகூட வலி இறங்கும். பின்னதற்கு நம் கை உதவும். முன்னதில் நெருக்குகிற இடமே பிட்டத்தில் இல்லை, ஏற்கெனவே எரிச்சலில் இருக்கிற நரம்பை முழங்கையால் சீண்டுவதுதான் நடக்கும்.

நான் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலை நானே மெதுவாகத் தூக்குவேன். ஏறக்குறைய 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குள் அவருடைய அதே வலி முழங்காலுக்குக் கீழே சுருக்கென்று ஓடினால் நரம்பு வேரின் மேல் சந்தேகம். தொடைக்குப் பின்னால் இழுக்கிறது என்று மட்டும் சொன்னால் அது சதை இறுக்கம், நிறையப் பேருக்கு இருப்பதுதான். அப்புறம் இருமினால், தும்மினால் காலில் பாய்கிறதா என்று கேளுங்கள். குதிகாலில் நாலு அடி, முன்பாதத்தில் நாலு அடி நடக்கவிடுங்கள். கால் கட்டைவிரலை உங்கள் கைக்கு எதிராக மேலே தூக்கச் சொல்லி மறுகாலோடு ஒப்பிடுங்கள். இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது, நாலும் ஒரே பக்கம் கை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பத்து நிமிடம் வேலை செய்த பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நன்றாக இருக்கிறது என்று மேஜையிலிருந்து எழும் எல்லோரும் சொல்வார்கள். கால் முன்பைவிடக் கூடுதலாக ஏறுகிறதா என்பதுதான் கணக்கு.

வெந்நீர்:
அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. கெண்டைக்கால் வலி என்று வந்தால் இரண்டு காலையும் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, நிறம் மாறி இருந்தால், அதிலும் சமீபத்தில் அறுவை சிகிச்சை, நீண்ட பயணம், பல நாள் படுக்கை என்று ஏதாவது இருந்தால், ஆழ்சிரையில், அதாவது காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில், ரத்தம் உறைந்திருக்கலாம். நீவி விட்டால் அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. எனக்கு அப்படி ஒருவர் வந்தார், வெறும் சதைப்பிடிப்பு என்று அடித்துச் சொன்னார், நான் தொடமாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டு போனார். ஸ்கேனில் இருந்தது.

இடுப்பு வலிக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போகிறதா, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா. மரத்துப்போகிறது என்றாலோ கட்டுப்பாடு இல்லை என்றாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, அப்போதே ஆஸ்பத்திரி. காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், எப்படிப் படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் முதலில் டாக்டர்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் மேல் முழங்கை வைக்காதீர்கள், கன்றிப்போகும்.

அரைமணி:
ஒரு மணி நேரத்துக்கு வருபவரை இருபது நிமிடம் தூக்கி மடக்கிக்கொண்டிருந்தால் அடுத்த முறை வரமாட்டார், அதையும் சொல்லுங்கள். நான் பாதியை அவர் உள்ளே நடந்து வரும்போதே பார்த்துவிடுவேன், செருப்பைக் கழற்றக் குனிகிறாரா, எந்தக் கால்மேல் சாய்ந்து நிற்கிறார் என்று. வெந்நீர் சொன்ன கேள்விகளை விடமாட்டேன், மற்றபடி வலிக்குத் தகுந்த மாதிரி இரண்டு சோதனை, ஐந்து நிமிடம். கழுத்து விறைப்பு என்று வந்தவரின் கால் கட்டைவிரலைப் பிடித்து என்ன செய்வது?

புதுக்கை, டிஸ்க் என்று மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள். நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலை இல்லை. எத்தனை டிகிரியில் வலி எங்கே ஓடியது என்று கண்டதை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

பழைய மேஜை:
கட்டைவிரல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன் 😄 காலில் இறங்கும் வலிக்கு மட்டும்தான் சொன்னேன்.

புதுக்கை:
அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருமினால் பாதம் வரை பாய்கிறதாம், இரண்டு மாதமாகவே அப்படித்தானாம், அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. இன்று வரச்சொல்லிப் பார்த்தேன். 40 டிகிரியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார், வலது கட்டைவிரல் என் ஒற்றை விரலுக்கே மடங்கிவிட்டது, இடது கல் மாதிரி நின்றது. சிறுநீர்க் கேள்வியையும் கேட்டேன், அதில் ஒன்றும் இல்லை, ஆனால் கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எண்ணெயை எடுக்கவில்லை, காசும் வாங்கவில்லை. பார்த்ததைத் தாளில் எழுதிக் கொடுத்தேன், நாளை டாக்டரிடம் போகிறார்.