நீற்றுப்பெட்டிச் சிமிக்கிக்கு என்ன விலை சொல்வது?

நீர்வேலியாள்:

வணக்கம். இரண்டு வருடமாகப் பனை ஓலையில் தோடு, காப்பு, பதக்கம் இழைத்து விற்கிறேன். என் அம்மம்மா, பிட்டு அவிக்கும் கூம்பு வடிவ ஓலைப்பெட்டியான நீற்றுப்பெட்டி இழைப்பதில் ஊருக்குள் பெயர் எடுத்தவர். பிட்டு அவித்த பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தபோது, இது சிமிக்கி மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். நினைக்க ஒரு நொடி. ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு அதைச் சுருக்க ஆறு மாதம். சார்வோலையை, அதாவது பனையின் இளம் ஓலையை, காயவைத்து, ஈர்க்கை நீக்கி, தையல் ஊசியால் நூல் போலக் கீறி எடுக்க வேண்டும். ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு இழைக்காவிட்டால் கூர்முனையில் மடித்துத் திருப்பும் இடத்தில் ஓலை வெடித்துவிடும். வெடித்தால் முழுச் சிமிக்கியும் அடுப்புக்குத்தான்.

சோடி 350 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். அந்நியர்கள் பேசாமல் வாங்கிப் போகிறார்கள். பேரம் பேசுவதெல்லாம் சொந்தக்காரர். “வேலியோரத்து வடலி ஓலைதானே பிள்ளை, இதற்கு முந்நூற்றைம்பதா?” என்று கேட்டார் ஒரு மாமி. கேட்டுவிட்டு, காசைப் பிறகு தருவதாகச் சொல்லி இரண்டு சோடியை எடுத்துப் போனார். அது தைப்பொங்கலுக்கு முந்திய கதை.

யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் 38 சோடி வைத்தேன். விற்றால் காசு, 30 வீதம் அவர்களுக்கு என்று பேச்சு. ஐந்து மாதம் கழித்துப் போனால் 11 சோடிக்குக் காசு தந்து, மிச்சத்தை ஒரு பொலித்தீன் பையில் கட்டித் தந்தார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கியதால் சிவப்பெல்லாம் வெளிறி இளஞ்சிவப்பு. பையைத் திறக்காமல் வைத்துவிட்டேன், அது என் பிழை. மாரி மழை தொடங்கியதும் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

விலையைக் கூட்டலாமா? கடைக்குக் கொடுப்பதை விட்டுவிடலாமா? பூஞ்சணத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:

தங்கச்சி, 350 என்ற எண் எங்கிருந்து வந்தது? பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் தோடு 300 என்று பார்த்து, 50 கூட வைத்தீர்களா? பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அடுத்த முறை 20 சோடி செய்யும்போது ஒரு கொப்பியில் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். ஓலை கீறியது, சாயம் போட்டது, கொக்கி கோத்தது, அட்டையில் குத்தியது எல்லாம் வர வேண்டும். வெடித்துப் போனவற்றுக்குச் செலவான நேரமும் வர வேண்டும். இழைக்கிற நேரத்தை மட்டும் எழுதி உங்களையே ஏமாற்றாதீர்கள்.

வணிகப் பெயரையும் பதிந்துவிடுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடன் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அந்தப் பத்திரம் இருந்தால்தான் கடையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம்.

சுன்னாகத்துக் கடைக்காரன்:

நான் பான்சிக் கடை வைத்திருப்பவன், எனவே என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. காசு போட்டு வாங்காத சாமானை எந்தக் கடைக்காரனும் முன்னுக்கு வைக்க மாட்டான். காசு போட்ட சாமான் விற்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. உங்கள் தோடு விற்காவிட்டால் உங்களுக்குத்தான் நித்திரை வராது. ஆகவே பத்துச் சோடி போதும், ஆனால் கைக்காசுக்குக் கொடுங்கள். கடைக்காரன் மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். பொறுப்பில் வைத்தே ஆக வேண்டும் என்றால் மாதம் ஒருமுறை நேரில் போய் எண்ணுங்கள். ஐந்து மாதம் போகாமல் இருந்தது உங்கள் பிழை, கோபிக்க வேண்டாம்.

பவுன் இருக்கிற விலையில் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பும் பிள்ளைகளைத் தினமும் காண்கிறேன். சேலைக்குப் பொருத்தமாக ஏதாவது போட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய தேவை. நல்லூர்க் கோவில் திருவிழாக் கொடியேறி 25 நாளும் வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் வீதியில் நிற்பார்கள். தனிக்கடை எடுக்காதீர்கள்; ஏற்கெனவே கடை போடும் யாரிடமாவது அரை மேசை கேளுங்கள்.

பெட்டி இழைக்கும் ஆச்சி (பேத்தி தட்டச்சு செய்கிறாள்):

பிள்ளை, பச்சை ஓலையில் சாயம் ஏறாது. நன்றாகக் காய்ந்த ஓலையைச் சாயத்தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, அதே தண்ணீரில் ஆறவிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். அப்படிச் செய்தாலும் வெயிலில் தொங்கினால் வெளிறத்தான் செய்யும். வெள்ளோலையையும் கறுப்பையும் கூடச் செய்து பார். எங்கள் காலத்தில் கடகப் பெட்டியை அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவோம், பூச்சியும் பூஞ்சணமும் அண்டாது. தோட்டில் புகை மணக்கும் என்பதால் உனக்கு அது சரிவராது. மாரிக்கு முன் வெயிலில் காட்டி, கடதாசியில் சுற்றி, தகரப் பேணியில் வை. பொலித்தீன் ஓலைக்கு எதிரி.

உன் மாமியிடம் ஒன்று சொல். தோடு என்றால் ஓலை என்றும் பொருள். ஓலையைச் சுருட்டிக் காதில் போட்ட காலமும் இருந்தது. அம்மனுக்குக் காதோலை கருகமணி வைக்கும்போது வேலியோரத்து ஓலை என்றா சொல்கிறார்?

சிட்னியில் இருப்பவள்:

அக்கா, போன வருடம் ஊருக்கு வந்தபோது ஓலைத் தோடு மூன்று சோடி வாங்கினேன். இங்கே விமான நிலையத்தில் தாவரப் பொருள் என்று அறிவித்தே ஆக வேண்டும். அறிவித்தேன், பார்த்துவிட்டுத் தந்தார்கள். அட்டையில் “காய்ந்த பனை ஓலை” என்று ஆங்கிலத்திலும் எழுதி விற்றால் எங்களுக்கு உதவி.

நீர்வேலியாள்:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சிக்குத் தனியாக.

கணக்குப்பிள்ளை அண்ணா, 20 சோடிக்குக் கொப்பி போட்டேன். ஓலை கீறலும் சாயமும் 5 மணித்தியாலம். இழைத்தது, வெடித்த நான்கையும் சேர்த்து, 18 மணி 20 நிமிடம். கொக்கி, வார்னிஷ், அட்டை 3 மணி. மொத்தம் 26 மணி 20 நிமிடம்! ஓலை, சாயம், வார்னிஷ், கொக்கி, அட்டைக்குச் செலவு 2,000 ரூபாய். 7,000 ரூபாய்க்கு விற்றால் மிஞ்சுவது 5,000, அதாவது மணிக்கு 190 ரூபாய். கடைக்கு 30 வீதம் கொடுத்தால் 110. அதை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடி வைத்தேன். வெங்காயம் கிண்டப் போயிருந்தால் தேத்தண்ணீராவது கிடைத்திருக்கும்.

நேற்றிலிருந்து சோடி 650 ரூபாய். அந்தக் கணக்கில் மணிக்கு 418 வரும். கோவிலுக்கு வந்த இரண்டு பிள்ளைகளிடம் வாய் குழறாமல் சொல்ல வேண்டும் என்று வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஒருத்தி வாங்கினாள். மற்றவள் காப்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

சுன்னாகத்து அண்ணா, வெள்ளோலையில் பத்துச் சோடி இருக்கிறது. கைக்காசுக்கு எடுப்பீர்களா?

மாமி நாளை மறுநாள் வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். ஒரு சோடியில் கொக்கி கழன்றுவிட்டதாம். புதிய விலையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.