ஆலிஸ் கோல்ட்ரேனின் பஜனைகள்: கேட்டவர்கள் சொல்வது

ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஓம் ராமா’வை ஹெட்போனில் கேளுங்கள். கைத்தட்டும் தாளமுமாகக் கூட்டமே பாடிக்கொண்டிருக்க, மேலே சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே ஏறும். நம்மூர் வித்வான்கள் ஜாரு என்பார்களே, கிட்டத்தட்ட அது. இவர் பேர் வாங்கிய பியானோவில் இதற்கு வழியே இல்லை; கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே எங்கே போவது? பாதியில் வேகம் சட்டென்று தணிந்து, அமெரிக்கக் கறுப்பின தேவாலயப் பாட்டின் சாயலில் ஓர் ஆண்குரல் ராமனைக் கூப்பிட ஆரம்பிக்கும். என்ன ராகம் என்று தேடாதீர்கள், கிடைக்காது.

ஜாஸ் உலகில் பியானோவும் ஹார்ப்பும் வாசித்தவர் ஆலிஸ். 1967-ல் கணவர் ஜான் கோல்ட்ரேன் இறந்த பிறகு சுவாமி சச்சிதானந்தரிடம் வந்து சேர்ந்தார். (கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர் சுவாமி, 1969-ல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் தொடக்க உரை ஆற்றியவரும் அவரே.) பின்னாளில் ஆலிஸ் துரியசங்கீதானந்தா என்ற பெயரோடு கலிஃபோர்னியாவில் ஆசிரமம் நடத்தினார். 1982 முதல் 1995 வரை வந்த நான்கு கேசட்டுகள் பெரும்பாலும் ஆசிரம வட்டத்துக்குள்ளேயே சுற்றின. 2017-ல் ஒரு தொகுப்பு வந்த பிறகுதான் வெளியே பரவலாகக் கேட்டார்கள்.

இப்போது மந்திர இசை என்று வருபவற்றில் பாதி, ஒரு ‘ஓம்’ குரலை வெட்டி ஒட்டி அடியில் பீட்டை ஓடவிடுவதுதான். அதில் மந்திரம் வெறும் அலங்காரம். இங்கே பாடுகிறவர்களுக்கு அது அன்றாட வழிபாடு. அந்த வித்தியாசம் காதிலேயே தெரிகிறது.

*

மேலே சொன்னவர் சிந்தசைசரில் மயங்கினார்; எனக்கு நேர்மாறு. பஜனைக் குழுவில் ஹார்மோனியம் வாசிக்கிறேன். அந்தக் காதோடுதான் கேட்டேன். 1982-ன் ‘துரியா சிங்ஸ்’ கேசட்டில் சிந்தசைசரும் தந்திக் கருவிகளும் குரலைச் சூழ்ந்து நிற்கின்றன. 2021-ல் மகன் ரவி கோல்ட்ரேன் அதே பாட்டுகளைக் குரலும் வுர்லிட்சர் ஆர்கனும் மட்டுமாக வெளியிட்டார். அதில்தான் ஒவ்வொரு நாமத்தையும் ஆலிஸ் எவ்வளவு நிதானமாகப் பாடுகிறார் என்பது பிடிபட்டது. ஆர்கனும் மின்சாரக் கருவிதானே, மின்னணுவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குரலுக்கு இடம் விட வேண்டும்.

சரி, குழுவில் இரண்டையும் போட்டுக் காட்டினேன். இளையவர்கள் எல்லாருக்கும் கேசட் பதிப்புதான் பிடித்திருக்கிறது.