"மரியாதையாக நடத்தவும்" என்ற வரியைச் செய்முறையாக எழுதுவது எப்படி? (படுக்கையில் இருப்பவர் பராமரிப்பு)

தாழ்வாரம்:

வணக்கம். வீட்டில் படுக்கையோடு இருக்கும் முதியவர்களைக் கவனித்துக்கொள்ள வரும் புதிய தன்னார்வலர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் படிப்படியாக இருக்கிறது. கடைசி வரி: "நோயாளியை மரியாதையாக நடத்தவும்." படிப்பவர் தலையாட்டிவிட்டுப் போவார், அவர் செய்வதில் எதுவும் மாறாது. சுத்தமும் மருந்தும் சரியாக இருந்தால் போதும், மான மரியாதையெல்லாம் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று குழுவிலேயே சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில்? அந்த வரியை எப்படி உடைத்து எழுதுவது?

வெண்துவாலை:

அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, மேலே உள்ள ஒவ்வொரு படிக்குள்ளும் அதை நுழைத்துவிடுங்கள்.

"நேரம் இருந்தால்" என்பவர்களுக்கு முதலில். தன் மானம் போகிறது என்று நினைப்பவர் பல நேரம் முதலில் குறைப்பது தண்ணீரை. குடித்தால் சிறுநீர் வரும், வந்தால் யாரையாவது கூப்பிட வேண்டும், வருகிறவர் முகம் சுளிப்பார். நீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குத் திடீர் மனக்குழப்பமும் வரும். அடுத்து, இடுப்புக்குக் கீழே எரிகிறது என்று வாய் திறக்க மாட்டார். சிவப்பாக இருக்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய படுக்கைப்புண், தோல் உடைந்த பிறகுதான் கண்ணில் படும். அவர்கள் சொல்லும் அந்தச் சுத்தமும் மருந்தும் வேலை செய்வதே இந்த மரியாதையை நம்பித்தான்.

உடம்பு துடைப்பதை இப்படி எழுதலாம். தொடங்கும் முன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்: இரண்டு பேசின், நான்கைந்து சிறு துணிகள், இரண்டு பெரிய துவாலைகள், மாற்றுடை, டயப்பர், கையுறை. எதையோ மறந்து நடுவில் எடுக்கப் போகும்போதுதான் எல்லாம் கெடுகிறது. ஆள் அரைகுறை உடையில் கிடப்பார், கதவும் திறந்திருக்கும். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, என்ன செய்யப்போகிறோம் என்று சொன்ன பிறகே போர்வையில் கை வைக்க வேண்டும். தண்ணீர் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள், பிறகு அவர் கையிலும் தொட்டுக் காட்டி "சூடு போதுமா?" என்று கேளுங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் உணர்வுள்ள கையில்.

போர்வையை மொத்தமாக உருவக் கூடாது. முகம், கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு, கடைசியில் அந்தரங்கப் பகுதி. துடைக்கும் இடம் மட்டும் திறந்திருக்கட்டும். ஈரத்தை ஒற்றி மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கண்ணுக்குச் சோப்பு வேண்டாம். மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு முனையால். அந்தரங்கப் பகுதிக்கு முன் தண்ணீரையும் துணியையும் மாற்றுங்கள். அவர் கை வேலை செய்தால் துணியை அவரிடமே கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சரியாகத் துடைக்கவில்லையா? "இந்த ஓரம் மட்டும் நான் பார்க்கட்டுமா?" என்று கேட்டு முடிக்கலாம். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக மட்டுமே. மாறினால் மலக்கிருமி சிறுநீர்த் துவாரத்துக்குப் போய்விடும். தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, கால்விரல் இடுக்கு மூன்றிலும் ஈரம் நிற்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும்.

தினமும் முழு உடம்பையும் துடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முகம், கை, அக்குள், இடுப்புக்குக் கீழ் தினமும். மற்றவை வாரம் இரண்டு மூன்று முறை. வயதான தோல் சோப்பில் வறண்டு வெடிக்கும்.

நாலுகால்_நாற்காலி:

கழிப்பறை விஷயத்துக்குக் குறிப்பில் தனி இடம் கொடுங்கள். ஆளைக் கூனிக்குறுக வைப்பதில் இதற்கு நிகர் வேறில்லை.

"வருது" என்று சொல்லத் தெரிந்தவரிடம் "டயப்பர்லயே போயிடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லவே கூடாது. பலரும் சொல்கிறார்கள், வேலை மிச்சம் என்று. நாளடைவில் அடக்கும் பழக்கமும் சொல்லும் பழக்கமும் இரண்டும் போய், மிச்சம் என்று நினைத்த வேலை இரட்டிப்பாகும். உட்கார முடிகிறவருக்குக் கட்டிலோரம் கமோடு நாற்காலி போடுங்கள். காலை உணவு முடிந்து 20, 30 நிமிடத்துக்குள் உட்கார வைத்தால் குடல் தானாக அசையும் நேரம் அது, காத்திருப்பு குறையும். நாற்காலி அவருடைய பலமான பக்கத்தில், சக்கரப் பூட்டு போட்டு. பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், எட்டாவிட்டால் ஒரு பலகை. மடியில் துவாலை, கைக்கெட்டும் இடத்தில் மணி, நீங்கள் கதவுக்கு வெளியே. சாய்ந்து விழக்கூடியவர் என்றால் உள்ளேயே நில்லுங்கள், ஆனால் பக்கவாட்டில், அவர் முகத்துக்கு நேரே அல்ல. கடிகாரம் பார்க்காதீர்கள், அதைப் பார்த்தாலே அவருக்கு வராது.

குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் வெளிப்பை போட்டிருந்தால், அது உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பைக்குக் கீழ்மட்டத்தில், தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். அதன் மேல் ஒரு துணி உறை தைத்துப் போடச் சொல்லுங்கள். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

மெதுவாகப்பேசு:

மறதிநோய் உள்ளவர்களுக்கு ஒரு பத்தி சேருங்கள். குளிக்கும்போது அடிக்கிறார், கத்துகிறார் என்றால் நோயின் குணம் என்று எழுதிவிடுகிறோம். அவர் பக்கமிருந்து பாருங்கள்: யாரோ அறிமுகமில்லாதவர் வந்து உடையைக் கழற்றுகிறார், எதிர்க்காமல் என்ன செய்வார்? அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், குளிப்பாட்டும் முறையை அவரவருக்கு ஏற்ப மாற்றியதும் அடிப்பது, தள்ளுவது போன்றவை பாதிக்கும் மேல் குறைந்தன. மருந்து எதுவும் கூட்டாமல்.

அந்த ஆய்வில் பயன்படுத்திய முறைகளில் ஒன்று துவாலைக் குளியல். ஆள் உயரத் துவாலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அலச வேண்டாத திரவச் சோப்பு கலந்த வெந்நீர் இரண்டு மூன்று லிட்டர் ஊற்றி ஊறவைத்துப் பிழியுங்கள் (சோப்பின் அளவு புட்டியில் இருக்கும்). மேலே இருக்கும் போர்வையை ஓரமாக விலக்க விலக்க இந்தத் துவாலையைக் கழுத்திலிருந்து கால்வரை விரித்து, அதன் மேலேயே பிடித்துவிடுவது போலத் துடைக்க வேண்டும். ஒரு கணம்கூட உடம்பு வெளியே தெரியாது. ஆறிப்போன துவாலை காரியத்தைக் கெடுத்துவிடும், ஆகவே பையிலிருந்து எடுத்ததும் சூட்டைப் பார்த்துவிட்டு உடனே விரிக்க வேண்டும்.

பேச்சும் முக்கியம். "செல்லம், சமத்தா கையத் தூக்குங்க பார்ப்போம்" என்ற கொஞ்சல் எதிர்ப்பைக் கூட்டும். அவர் ஆயுள் முழுக்க எப்படி அழைக்கப்பட்டாரோ அப்படி: ஐயா, அம்மா, வாத்தியாரே. ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லிப் பத்து விநாடி பொறுங்கள்.

தாழ்வாரம்:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். மலம் போயிருக்கிறது, ஆனால் தொடவே விடமாட்டேன் என்கிறார். மதிப்பதா, துடைப்பதா?

வெண்துவாலை:

வெறும் குளியல் என்றால் தள்ளிப்போடலாம், மாலையோ மறுநாளோ. மலம் தோலில் கிடந்தால் தோல் வெந்து புண்ணாகும், அதை விட முடியாது. ஆனாலும் 10, 15 நிமிடம் தரலாம். நீங்கள் வெளியே போய், வேறொருவர் வந்து கேட்டாலே பலர் சம்மதிப்பார்கள். அப்படியும் இல்லையென்றால் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து நிறுத்துங்கள், அதே சாக்கில் முழுக் குளியல் போடக் கூடாது. யார் செய்வது என்பதையும் கேளுங்கள். மகளை விட வெளியாள் செய்தால் பரவாயில்லை என்பவர்கள் நிறைய.

நாலுகால்_நாற்காலி:

இரண்டு விட்டுப்போயின.

கனடா மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், சாகும் தறுவாயில் இருப்பவர்களின் கண்ணியம் பற்றி ஆராய்ந்தவர். அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஒரே ஒரு கேள்வி: "உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள, ஒரு மனிதராக உங்களைப் பற்றி நாங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" முதல் நாளே கேட்டு, பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதி, அவர் சம்மதித்தால் தலைமாட்டில் ஒட்டுங்கள்.

இன்னொன்று போட்டோ. படுக்கைப்புண்ணைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பும்போது, நோயாளியிடம் கேட்டுவிட்டு, புண்ணையும் பக்கத்தில் ஒரு அளவுகோலையும் மட்டும் எடுங்கள், முகம் வேண்டாம். மருத்துவருக்கு நேரடியாகப் போகட்டும். குடும்ப வாட்ஸப் குழுவுக்கு எக்காரணத்தாலும் கூடாது. மருத்துவர் பார்த்து முடித்ததும் தன்னார்வலரின் போனிலிருந்து அழித்தாரா என்று பொறுப்பாளர் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். குறிப்பில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.