கேமிங் லேப்டாப்பா, கிளவுட் கேமிங்கா? இரவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் ஆடுகிறவனுக்கு எது ஒத்துவரும்?

கணக்குப்பிள்ளை (திருப்பூர்):

வணக்கம். ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 37. கல்லூரிக் காலத்தில் ப்ரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நீட் ஃபார் ஸ்பீடு ஆடியதோடு சரி. அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை. இப்போது பெண்ணுக்கு ஆறு வயது. ஒன்பதரைக்கு அவள் தூங்கிவிட்டால், பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை வீட்டில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் இந்தக் கேள்வி.

என்னிடம் இருப்பது 2018இல் வாங்கிய லேப்டாப். ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. டேலி ஓடும், எக்செல் ஓடும். கேம் எதையாவது திறந்தால் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும், அவ்வளவுதான். கேமிங் லேப்டாப் வாங்க எழுபது, எண்பதாயிரம் வேண்டும். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் மாதத்தில் அந்தத் தொகையை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. கேம் எங்கோ சர்வரில் ஓடும், நமக்குப் படம் மட்டும் வந்து சேரும், நாம் அமுக்கும் பட்டன் அங்கே போகும், லேப்டாப் எவ்வளவு பழையதானாலும் பரவாயில்லை என்கிறார்கள். நண்பர் வீட்டில் பார்த்தேன், அருமையாக இருந்தது. அவரே ஒருநாள் கன்ட்ரோலரோடு என் வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டினார். ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்கிற கார் ரேஸ் கேம். பத்து நிமிடம் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நான் பிரேக் பிடித்த சங்கதி, கார் சுவரில் மோதிய பிறகுதான் காருக்குத் தெரிந்தது. எனக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 97 காட்டுகிறது. பிறகு எங்கேதான் கோளாறு? எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு இது தினசரி ஒத்துவருமா?

ஃபைபர்காரன் (நாகர்கோவில்):

அண்ணே, நான் பதினோரு வருடமாகத் தெருத்தெருவாக ஃபைபர் இழுக்கிறவன். கேபிளை அணில் கடித்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன், கொடிக்கம்பி என்று நினைத்துத் துண்டு காயப்போட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஸ்பீடு டெஸ்டில் வரும் 97ஐ மறந்துவிடுங்கள். இந்த விஷயத்தில் அது பெரிய தடியன் ஒருவன் எத்தனை மூட்டை தூக்குவான் என்கிற கணக்கு. உங்களுக்கு வேண்டியது சைக்கிளில் தபால் கொண்டுவருகிறவன். ஒரு கடிதம்தான், ஆனால் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் கிளவுடுக்கு ஃபோனில் 10 எம்பிபிஎஸ், கணினியில் 20 இருந்தால் போதும் என்பதுதான் கணக்கு. உங்களிடம் அதுபோல ஐந்து மடங்கு இருக்கிறது. ஆனால் திரையில் நொடிக்கு 60 படம் ஓடுகிறது. அப்படியென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். சர்வர் மும்பையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 10 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டில் போகாது, நடுவில் ஸ்விட்சுகள் உண்டு, அதையெல்லாம் சேர்த்தாலும் தூரம் உங்கள் காரை மோத வைக்காது. பிங், அதாவது போய்வர ஆகும் மில்லிசெகண்ட், 30 என்றால் 30இலேயே நிற்கட்டும், கை பழகிக்கொள்ளும். 30, 32, 29, திடீரென்று 210, மறுபடி 31 என்று குதித்தால் எந்தக் கையும் பழகாது. அதற்குப் பெயர் ஜிட்டர். ஸ்பீடு டெஸ்டில் கொட்டை எழுத்தில் தெரிவது வேகம்தான். இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பிங் கட்டளையை முதலில் உங்கள் ரவுட்டர் முகவரிக்கே போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். நிற்காமல் ஓட வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். அப்புறம் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8க்கு அதே மாதிரி ஐந்து நிமிடம். ரவுட்டர் வரைக்குமே எண்கள் குதித்தால் கோளாறு உங்கள் வைஃபையில், கம்பெனிக்காரனைத் திட்டிப் பயன் இல்லை. ரவுட்டர் வரை ஒழுங்காக இருந்து வெளியே குதித்தால் எங்களைத் திட்டலாம், வாங்கிக்கொள்கிறோம். ஒரே இழையை 32 வீட்டுக்கும் 64 வீட்டுக்கும் பிரித்துத்தான் கொடுக்கிறோம். இரவு ஒன்பது மணிக்குத் தெரு முழுக்க ஓடிடி பார்க்கும்போது, மேலே போகும் லைனை முதலாளி பெருக்காமல் விட்டிருந்தால் நெரியத்தான் செய்யும்.

ஒரே ஒரு சோதனை போதாது. பகல் மூன்று மணிக்குப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லாதீர்கள். நீங்கள் ஆடப்போவது இரவு பத்துக்கு.

ஸ்காபரோவாசி (கனடா):

நான் இதிலே கொஞ்சம் பழைய ஆள். கூகுளின் கிளவுட் கேமிங்கான ஸ்டேடியா 2019 நவம்பர் 19ஆம் திகதி தொடங்கினபோது கனடாவும் முதல் பட்டியலில் இருந்தது, நான் வாங்கினேன். உண்மையைச் சொன்னால் தொழில்நுட்பத்திலே எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நிலவறையிலே பழைய டிவி ஒன்றில் ஆடினேன். வெளியே பனி கொட்டும், உள்ளே நான் கார் ஓட்டுவேன். 2023 ஜனவரி 18ஆம் திகதி இழுத்து மூடினார்கள். வாங்கின கேம், கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் காசு திரும்ப வந்தது, அது பெரிய விசயம். கன்ட்ரோலரைப் புளூடூத்திலே வேலை செய்ய வைக்கவும் வழி செய்து தந்தார்கள். அந்தக் கன்ட்ரோலர்தான் இன்றைக்கும் என்ரை கையிலே.

அதுக்கு முன்னமே ஆன்லைவ் என்று ஒன்று 2010இல் அமெரிக்காவில் வந்து, 2015 ஏப்ரலோடு முடிந்துபோனது. ஆகவே கணக்குப்பிள்ளை, நான் கதைக்க வந்தது லேக் என்கிற தாமதம் பற்றி அல்ல. கிளவுடிலே மட்டும் இருக்கிற கேமைக் காசு குடுத்து வாங்காதீர்கள். மாசச் சந்தா என்றால் சரி, அது பஸ் டிக்கெட் மாதிரி, இறங்கினால் முடிந்தது. அமெரிக்காவிலே எக்ஸ்பாக்ஸின் மாசச் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபரில் ஒரே தாவாக 20 டொலரிலிருந்து 30 டொலர் ஆனது. டிக்கெட் விலை எப்பவும் ஏறலாம் என்பதையும் மனசிலே வையுங்கோ.

நான் இப்போது பாவிப்பது ஜிஃபோர்ஸ் நவ். அது வேறு மாதிரி. ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையிலே நீங்கள் ஏற்கெனவே வாங்கின கேமை அவர்களின் மெஷினிலே ஓட்டலாம். சந்தாவை நிறுத்தினாலும் கேம் உங்களுடையது. ஆனால் நீங்கள் வாங்கின எல்லாம் அதிலே இருக்கும் என்று நினைக்கக்கூடாது. 2020 பெப்ரவரியிலே ஆக்டிவிஷன் பிளிஸர்ட் தங்கள் கேம்களை ஒரே நாளில் உருவிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் அந்தக் கொம்பனியை வாங்கின பிறகுதான் 2023 கடைசியிலே திரும்ப வரத் தொடங்கியது. மாசத்துக்கு 100 மணித்தியாலம் என்று எல்லையும் உண்டு. உங்கள் ஒன்றரை மணித்தியாலக் கணக்குக்கு அது தாராளம்.

டிஸ்க்பெட்டி (மதுரை):

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4, டிவியில் மாட்டி ஆடும் பெட்டி) வாங்குங்கள். நேரில் போய், ஓட்டிப் பார்த்து, ஃபேன் சத்தம் கேட்டு வாங்குங்கள். டிஸ்க் வாங்கி ஆடிவிட்டு அடுத்தவருக்கு விற்கலாம். நெட் லைன் போனாலும் ஓடும். சந்தா, பிங், ஜிட்டர் ஒரு எழவும் வேண்டாம். ஃபோர்ஸா மட்டும் கிடைக்காது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

கணக்குப்பிள்ளை:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஜிஎஸ்டி வேலை.

ஃபைபர்காரர் சொன்னபடி செய்தேன். ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது, நான் உட்காருவது படுக்கையறைக்கு வெளியே. முதல் இரவு ரவுட்டர் வரைக்குமே 3, 4, 3, 88, 5, 140 என்று வந்தது. வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸில் பிடித்துக்கொண்டிருந்தேன், 5க்கு மாற்றினேன். குறைந்தது, நிற்கவில்லை. மறுநாள் பதினைந்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி நிலைப்படி ஓரமாக இழுத்தேன். இப்போது ரவுட்டர் வரை 1க்குக் குறைவு, ஒரு எண்கூட அசையவில்லை. வெற்றி என்று நினைத்தேன்.

அன்று இரவே மறுபடி உடைந்தது. சரியாகப் பத்தேகாலுக்கு. 8.8.8.8க்குப் பிங் போட்டால் 24இல் நின்றது 300க்கு எகிறியது. லைன்காரரைக் கூப்பிட்டேன், வந்து பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று போய்விட்டார். மூன்று நாள் நோட்டில் குறித்து வைத்தேன் (தொழில் புத்தி). பத்து பத்து, பத்தேகால், பத்து இருபது. அப்புறம்தான் பிடிபட்டது. மனைவி சமையலறையை ஒழித்துவிட்டு வந்து ஃபோனைச் சார்ஜில் போடும் நேரம் அது. சார்ஜில் போட்டதும் அன்றைக்கு எடுத்த ஃபோட்டோ, பெண்ணின் டான்ஸ் வீடியோ எல்லாம் பேக்கப் ஆகத் தொடங்குகிறது. நான் டவுன்லோடையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடைத்தது அப்லோடு. என் பட்டன் அமுக்கல் அந்த வீடியோக்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது.

ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தேன், பிங் 24. செருகினேன், ஒரு நிமிடத்தில் 280. நாலு தடவை செய்து காட்டினேன். "இதுக்குத்தான் ஒரு வாரமா முழிச்சிட்டிருந்தீங்களா?" என்றாள்.

ஃபைபர்காரன்:

அண்ணே, அருமை! நான் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ரவுட்டர் மெனுவில் கியூஓஎஸ் என்றோ பேண்ட்வித் கன்ட்ரோல் என்றோ ஒன்று இருக்கும். வீட்டின் மொத்த அப்லோடை உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கீழே கட்டிவைத்தால் வரிசை நிற்காது. உங்கள் ரவுட்டரில் அது இல்லையென்றால் பேக்கப்பை விடியற்காலைக்குத் தள்ளுவதுதான் வழி. ஃபோனில் நேரம் வைக்க வழியில்லாவிட்டால், தூங்கப்போகும்போது சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

மெனுவில் இருந்தது. கட்டிவிட்டேன். இப்போது ஒன்பது இரவுகளாக ஆடுகிறேன், ஒரு மாதச் சந்தா எடுத்திருக்கிறேன்.

கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபோர்ஸா நன்றாக ஓடுகிறது. 100 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டிய கேம், ஒரு நிமிடத்தில் திறக்கிறது. என் லேப்டாப்பில் அவ்வளவு இடமே இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி நிதானமாக ஆடுவதில் வித்தியாசமே தெரியவில்லை. ஆளைச் சுடும் ஆன்லைன் ஆட்டத்தில் மட்டும் எதிரி என்னைச் சுட்ட பிறகுதான் எனக்கு அவன் முகம் தெரிகிறது. அதில் பாதி என் வயசாகவும் இருக்கலாம். வாலரன்ட் ஆட நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம், அது கிளவுடில் கிடையாது. இருட்டான காட்சிகளில் படம் கொஞ்சம் கலங்கிய கஞ்சி மாதிரி தெரிகிறது, பகல் காட்சியில் இல்லை.

டேட்டா கணக்கும் போட்டேன். 20 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 9 ஜிபி. தினம் ஒன்றரை மணி வீதம் மாதம் 405 ஜிபி. என் பிளானில் 3300 ஜிபி வரை வேகம் குறையாது. ஊருக்குப் போனபோது மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆசைப்பட்டு ஆரம்பித்தேன், தினசரி 2 ஜிபி கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

டிஸ்க்பெட்டி அண்ணன் சொன்னதும் மண்டையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மழையில் கரண்ட் போய், ரவுட்டரும் சேர்ந்து செத்து, நான் முதலிடத்தில் இருந்த ரேஸ் அப்படியே போனது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, பிஎஸ்4 இருந்தாலும் அன்றைக்கு ஆடியிருக்க முடியாது. ரவுட்டருக்கு மட்டும் போடுகிற சின்ன யுபிஎஸ் இருக்கிறதாமே, யாராவது பயன்படுத்துகிறீர்களா? என்னுடையது 12 வோல்ட், 1.5 ஆம்ப் அடாப்டர்.